மோக் டீச்சரின் இருபத்திரண்டு மீட்டர்

மோக் வாய்-ஹிங் சந்தையில் மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து தன் தராசில் மறுபடியும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பாள். குறைந்திருந்தால் மீனோடு திரும்பிப் போய்ச் சண்டை போடுவாள். சரியாக இருந்தால் தராசைச் சந்தேகப்பட்டு, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை அதில் வைத்துப் பார்ப்பாள். உப்புக் கம்பெனிக்காரன் ஏமாற்றியிருப்பானோ என்ற கேள்வி அவளுக்கு வராமல் இருந்ததில்லை. அதற்கு மேல் போனால் மீன் நாறிவிடும் என்பதால்தான் அங்கேயே விட்டுவிடுவாள்.

ஃபோஷான் நகரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்-ரே. பரீட்சையில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதைச் சரியான விடைகளை வைத்து அவள் கண்டுபிடிக்க மாட்டாள், தப்பான விடைகளை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். சரியான விடை எல்லாருக்கும் பொது, தப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்பது அவள் கொள்கை. ஓய்வு பெற்ற பிறகு பார்க்க விடைத்தாள் இல்லை, அதனால் பக்கத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளுக்கு வாய்த்த மாணவர் கணவர் லாம். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர். டாக்டர் சிகரெட்டை விடச் சொன்னதிலிருந்து, அவர் வெளியே போய்வந்தால் சட்டைக் காலரை மோந்து பார்ப்பது மோக்கின் வழக்கம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆரஞ்சுத் தோலை மெல்லுவார், ஆற்றங்கரைக் காற்றில் அரை மணி நின்றுவிட்டு வருவார். சந்தேகப்படும் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தி நடத்தி, ஒளித்து வைப்பதில் அந்த மனிதர் கைதேர்ந்துவிட்டார்.

இவர்கள் இருந்தது ஒன்பதாம் மாடி. நேர் கீழே, எட்டாம் மாடியில், ஆ-ஃபூங் என்ற பெண் தன் எட்டு வயது மகளோடு வாடகைக்கு இருந்தாள். குவாங்சி மலைப்பக்கத்துக்காரி, புருஷன் இல்லை. கஞ்சிக் கடையில் வேலை, அதனால் விடியுமுன் கிளம்பிவிடுவாள். விடியுமுன் கிளம்பும் பெண்ணைப் பற்றி மோக்குக்கு என்ன தோன்றியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்கே ஒருநாள் நேரில் போய், அவள் அடுப்பின் முன் வியர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்போதும் முழுசாக நம்பவில்லை.

அந்த வருடம் விளக்குத் திருவிழா முடிந்த வாரம். புத்தாண்டுக்கு வாசலில் வைத்த கின்னாரத்தை என்ற குட்டி ஆரஞ்சுச் செடிகளிலிருந்து பழங்களைப் பறித்து, கண்ணாடி ஜாடியில் உப்போடு அடைத்து, எல்லா வீட்டிலும் பால்கனியில் வெயிலுக்கு வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் ஊறினால் தொண்டைக்கட்டுக்கு அதைவிட மருந்து கிடையாது. ஜாடியும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான், மூலைக் கடையில் விற்கும் சிவப்பு மூடி ஜாடி. ஒரு மத்தியானம் வடகாற்று அடித்துக்கொண்டிருந்தபோது அதில் ஒன்று மேலிருந்து விழுந்தது. வாசல் காவலாளி குவோங் கிழவர் வெயில் காய்ந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜாடி அவருக்கு இரண்டு கை தள்ளி வெடித்தது, கண்ணாடிச் சில்லு கெண்டைக்காலைக் கிழித்தது. இரண்டு கை இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அன்றோடு கிழவர் கதை முடிந்திருக்கும்.

போலீஸ் வந்தது, வீடு வீடாகக் கேட்டது. யாரும் எதையும் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் நனைந்த சில்லுகளில் கைரேகையும் கிடைக்கவில்லை. யார் என்று தெரியாவிட்டால் அந்த வரிசையில் மேலே இருக்கிற எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பொறுப்பேற்க வேண்டும், சட்டம் அப்படி. அன்றிலிருந்து கட்டடமே மோக் வாய்-ஹிங்காக மாறிவிட்டது. தலையை அண்ணாந்து அடுத்தவர் பால்கனி ஜாடிகளை எண்ணினார்கள். ஒருத்தி தன் ஜாடிகளில் பெயர் எழுதி ஒட்டினாள். அப்படி ஒட்டியதாலேயே அவள்மேல் சந்தேகம் கூடியது.

"டீச்சர், நீங்கதான் ஒரு வழி சொல்லணும்," என்றார் ஹோ. தரைக்கல் வியாபாரி, வீட்டுக்காரர் சங்கத் தலைவர். "கேமராவுல ஜாடி விழுறது தெரியுது. ஆனா அந்தக் கருமம் மேல பாக்காது. எந்த மாடின்னு எப்படிச் சொல்றது?"

"கடைசிக் கொஞ்ச தூரம் தெரியுதுல்ல? அது போதும்," என்றாள் மோக்.

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

வாசல் கேமராவில் இரண்டாம் மாடி ஏசி பெட்டியின் மேல்விளிம்பு வரைதான் தெரிந்தது. அங்கிருந்து தரைவரை நாடாவை வைத்து அளந்தாள். நான்கு மீட்டர் எழுபது. ஜாடி அந்த விளிம்பைத் தாண்டியதிலிருந்து தரையைத் தொட்டது வரை ஆறு படம். நொடிக்கு இருபத்தைந்து படம் எடுக்கும் கேமரா, ஆகவே கால் நொடிக்கும் ஒரு துளி குறைவு. தூரத்தை நேரத்தால் வகுத்தால் அந்தத் துண்டின் சராசரித் திசைவேகம் கிடைக்கும். முடுக்கம் மாறாதது என்பதால், அந்தச் சராசரிதான் அந்த நேரத்தின் நடுப்புள்ளியில் ஜாடிக்கு இருந்த வேகம். மிச்சப் பாதி நேரத்தில் பூமி கூட்டிக்கொடுத்ததையும் சேர்த்தால் தரையைத் தொட்டபோது இருந்த வேகம். அந்த வேகம் வர, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு கீழே வந்திருக்க வேண்டும்? அதன் இடப்பெயர்ச்சி இருபத்திரண்டு மீட்டர். மூன்று முறை போட்டாள், மூன்று முறையும் அதே விடை.

மாடிக்கு மூன்று மீட்டர் உயரம், பால்கனிச் சுவர் ஒரு மீட்டர். சுவரைக் கழித்தால் இருபத்தொன்று. அந்த ஊரில் தரைத்தளமே ஒன்றாம் மாடி. கீழே ஏழு மாடி முழுசாக இருக்கிறது, ஆகவே ஜாடி நின்றது எட்டாவது மாடி.

விடை வந்ததும் மோக்குக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எட்டு என்பதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. மனதுக்குள் அவள் முன்பே எட்டு என்று போட்டு வைத்திருந்தாள், கணக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டது. எல்லாவற்றையும் இரண்டு தரம் சந்தேகப்படுகிறவள் இதை மட்டும் ஏன் அப்படியே விழுங்கினாள் என்று கேட்டால், நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். தனக்குப் பிடித்த விடையை யாரும் தராசில் வைப்பதில்லை.

சங்கத்துக்காரர்களோடு எட்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். ஆ-ஃபூங் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என் ஜாடி ரெண்டும் இதோ இருக்கு டீச்சர். வந்து பாருங்க."

"மூணாவது எங்கே?"

"மூணாவதுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு ஜாடி?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் ஹோ. "டீச்சர் கணக்குப் போட்டுட்டாங்கம்மா. பூமி இழுக்குற கணக்கு. அது யாருக்கும் பயப்படாது."

"பூமி என்னத்தையோ இழுக்கட்டும். என் வீட்டுலேருந்து எதுவும் விழல. அந்தக் கிழவருக்குத் தினம் கஞ்சி கொண்டாந்து குடுக்குறவ நான். அவர் தலையிலயா போடுவேன்?"

"கஞ்சி குடுக்குறது வேற, காத்துல விழுறது வேற," என்றாள் மோக். "வேணும்னு போட்டேன்னு நான் சொல்லல. ஒத்துக்கோ, போதும்."

வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருந்தார். வம்பு வேண்டாம், மாசக் கடைசிக்குள் காலி பண்ணு என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆ-ஃபூங்குக்கு அது வெறும் வீடு மாற்றம் இல்லை. இந்த முகவரியில் இருப்பதால்தான் மகளுக்குத் தெருக்கோடிப் பள்ளியில் இடம். முகவரி போனால் பள்ளி போகும், பிள்ளையை மலைக்கிராமத்துக்கு அனுப்பிவிட்டு இவள் இங்கே ஒற்றையாகக் கஞ்சி கிண்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சங்கம் கூடிப் பெயரை முடிவுசெய்து போலீசுக்கு எழுதிக்கொடுப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம் ஆ-ஃபூங் ஒன்பதாம் மாடிக்கு ஏறி வந்தாள். கையில் துணி உலர்த்தும் நைலான் கயிறு, அதன் நுனியில் ஒரு பூட்டு.

"டீச்சர், இருபத்திரண்டு மீட்டர்னுதானே சொன்னீங்க? என் பால்கனியிலேருந்து கயிறு விட்டுப் பாருங்க. இருபத்திரண்டு இருந்துச்சுன்னா நானே பெட்டியக் கட்டிட்டுப் போயிடுறேன்."

"கணக்கு போட்டாச்சு. அளக்கத் தேவையில்ல."

"மீன நீங்க ரெண்டு தடவ நிறுக்கிறீங்களாமே. நான் மீனவிடக் கேவலமா?"

அந்தக் கேள்வி மோக்குக்குச் சுருக்கென்று தைத்தது. நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஏதோ சொல்ல வந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

குவோங் கிழவர் கட்டுப்போட்ட காலோடு கீழே நின்றார். பூட்டு தரையைத் தொட்டதும், "ஆச்சு!" என்று கத்தினார். சுவர் விளிம்பில் முடிச்சுப் போட்டு, கயிற்றை இழுத்து, மாடி வராந்தாவில் நீட்டிப் போட்டு நாடாவால் அளந்தார்கள். பத்தொன்பது மீட்டர்.

"கிழவர் முன்னாடியே கத்திட்டார்," என்றாள் மோக்.

"சித்தப்பா! டீச்சர் சந்தேகப்படுறாங்க. பூட்ட நல்லாத் தொட்டுட்டுக் கத்துங்க!" ஆ-ஃபூங் சுவரில் சாய்ந்து கூவினாள்.

"தொட்டுட்டுத்தான்டீ கத்தினேன்! கால்தான் கிழிஞ்சிருக்கு, கண்ணு நல்லா இருக்கு!"

மறுபடியும் பத்தொன்பதுதான். மோக் நாடாவைச் சந்தேகப்பட்டாள், முடிச்சைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் பால்கனியில் நின்று குனிந்து, மாடிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். கீழே ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். மேலிருந்து ஏழு, ஆறு, ஐந்து, மூன்று…

அந்தக் கட்டடத்தில் நாலாம் மாடி கிடையாது. அந்த ஊரில் பாதிக் கட்டடங்களில் கிடையாது. அவர்கள் மொழியில் நாலு என்று வாய் சொன்னால் காதில் சாவு என்று விழும், அந்த எண் போட்ட வீட்டை யார் வாங்குவார்கள்? ஆகவே மூன்றுக்கு மேல் ஐந்து என்று எழுதிவிட்டுக் கட்டியவர் போய்விட்டார். லிஃப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து. இருபது வருடமாக மோக் தினமும் அதைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறாள். பார்த்துப் பார்த்தே அது அவள் கண்ணிலிருந்து மறைந்துபோயிருந்தது. எட்டு என்று எழுதியிருப்பது தரையிலிருந்து எண்ணினால் ஏழாவது. தரையிலிருந்து எண்ணினால் எட்டாவது எது?

அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். மேல் பால்கனியில் லாமின் பனியன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர்? என்ன ஆச்சு?" என்றாள் ஆ-ஃபூங். "பத்தொம்பதுன்னா என்ன அர்த்தம்?"

"கயிறு சரியில்ல. அப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு மோக் படியேறினாள்.

லாம் நாற்காலியிலேயே இருந்தார். மோக் அவர் காலரை மோந்து பார்க்கவில்லை, எதிரே வந்து நின்றாள்.

"நம்ம ஜாடி எத்தன?"

"மூணு," என்றார் லாம். "அதோ இருக்கே."

"அதுல ஒண்ணு உப்பு இன்னும் கரையல. புதுசு. எப்ப வாங்கின?"

லாம் பால்கனிச் சுவரைக் கையால் காட்டினார்.

"உள்பக்கம் நிழல் விழுதுன்னு செவுத்து மேல வெச்சேன். ஒரே ஒரு மணி நேரம். காத்து இப்படி அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"கிழட்டுப் பேயே! என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ நாலு மணி நேரம் கணக்குப் போட்டு எட்டுன்னு சொன்ன பாரு…" அவர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரம்மா, உன்மேல சத்தியமாச் சொல்றேன், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கண்ணால விழுறதப் பாத்தவன் நான். ஆனாலும், ஒருவேள நம்ம ஜாடி வேற பக்கம் விழுந்திருக்குமோ, அந்த நேரத்துல அவ வீட்டுலேருந்தும் ஒண்ணு விழுந்திருக்குமோன்னு நெனச்சேன். நீ தப்பாப் போட்டு நான் பாத்ததில்லையே."

மோக் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வந்தது, ஆனால் அதை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வரை அவள் மனதில் என்னென்ன ஓடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆ-ஃபூங்குக்குக் கணக்கு தெரியாது, கிழவருக்கும் தெரியாது. லாம் செத்தாலும் வாய் திறக்க மாட்டார். நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், மறுபடியும் நினைத்தாள். கீழ்வீட்டில் அந்தப் பிள்ளை பள்ளிப் பாடத்தை உரக்கப் படிக்கும் சத்தம் தரை வழியாக வந்துகொண்டிருந்தது. மேல்வீட்டு டீச்சருக்குத் தொந்தரவு என்று ஆ-ஃபூங் அதட்டுவதும் கேட்டது. அப்புறம் பிள்ளை மெதுவாகப் படித்தாள். மோக் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

கூட்டம் வாசலில், செடித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்தது. ஹோ எழுதி வைத்த காகிதத்தைப் பிரிக்கும் முன்பே மோக் எழுந்தாள்.

"அவ இல்ல. ஜாடி எங்க வீட்டுது. கணக்கு சரி, மாடிதான் தப்பு."

 ஒரு பெண் சிரித்தாள். "என்ன டீச்சர், ஆ-ஃபூங் கஞ்சியில ஏதாவது கலந்து குடுத்துட்டாளா?"

"பாவம்னு பாத்துப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க," என்றான் இன்னொருவன்.

"மத்தியானம் ரெண்டு பேரும் கயிறும் கையுமா என்னமோ பேசிட்டிருந்தாங்க. நான் பாத்தேனே," என்றாள் பெயர் ஒட்டிய ஜாடிக்காரி.

"அண்ணாந்து பாருங்க," என்றாள் மோக். வகுப்பில் பேசும் குரல் தானாகவே வந்துவிட்டது. "தரையிலேருந்து எண்ணுங்க. வாய் விட்டு எண்ணுங்க."

எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாரும் ஒரே குரலில் போனார்கள். அடுத்ததற்குச் சிலர் ஐந்து என்றார்கள், சிலர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். அந்த எண்ணை மோக் மட்டும் சத்தமாகச் சொன்னாள். நாலு. ஒரு கிழவி தூ தூ என்று பக்கவாட்டில் துப்பினாள். எட்டு என்று வந்தபோது எல்லா விரலும் மோக்கின் பால்கனியைக் காட்டின.

அப்போதும் அது முடியவில்லை. ஹோ காகிதத்தை மடித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை மோக்குக்குத் தெரிந்த பார்வை. முப்பத்தோரு வருடம் அவள் பிள்ளைகளைப் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க டீச்சர். ஒரு சென்டிமீட்டர் விடாம அளக்குறவங்க நீங்க. இருபது வருஷமா இருக்குற கட்டடத்துல நாலு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா… தோணல."

"தோணல," என்று ஹோ அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார்.

"மொதல்லயே தெரிஞ்சிருக்கும். கணக்கு கிணக்குன்னு சொல்லிக் கீழ்வீட்டுக்காரி தலையில கட்டப் பாத்திருக்காங்க," என்று யாரோ சொன்னார்கள். "அவ கயிறு கொண்டாந்ததும் மாட்டிக்கிட்டாங்க."

"புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டம்," என்றது இன்னொரு குரல்.

  மோக்கின் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அவளே இதைத்தான் சொல்லியிருப்பாள், இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருப்பாள். குவோங் கிழவர் மட்டும், "விடுங்கப்பா, கால் என்னுது, எனக்கில்லாத கோவம் உங்களுக்கு எதுக்கு?" என்று முனகினார். லாம் அவரிடம் போய்க் குனிந்து நின்றார். மருத்துவச் செலவு முழுவதும் தங்களுடையது என்றார். அவர் சொன்னதைக் கிழவர் மட்டும்தான் காதில் வாங்கினார்.

கூட்டம் கலைந்தது. ஹோ அங்கேயே நின்று வீட்டுச் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார், ஆ-ஃபூங் காலி பண்ண வேண்டியதில்லை என்று ஆயிற்று. லிஃப்டில் மோக்கும் ஆ-ஃபூங்கும் மட்டும் ஏறினார்கள். ஆ-ஃபூங் எட்டை அழுத்தினாள், பிறகு மோக்குக்காக ஒன்பதையும் அழுத்தினாள்.

"ஆ-ஃபூங், என்னை மன்னிச்சுக்கோ. நான் வேணும்னு செய்யல. நெசமாவே எனக்குத் தோணல. ஊர் நம்பாட்டிப் போகட்டும், நீயாவது நம்புறியா?"

ஆ-ஃபூங் கதவுக்கு மேல் மாறும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் டீச்சர். முன்னெல்லாம் யார் என்ன சொன்னாலும் நான் நம்பிடுவேன். இந்த ரெண்டு வாரத்துல என்னமோ அது போயிடுச்சு. நம்பணும்னு பாக்குறேன், வரமாட்டேங்குது."

எட்டில் கதவு திறந்தது. அவள் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாள். உள்ளே மகள் அம்மா என்று கூப்பிடுவது கேட்டது, கதவு மூடிக்கொண்டது. அங்கிருந்து மோக்கின் வீட்டுக்கு ஒரே ஒரு மாடிதான், மூன்று மீட்டர். அந்தத் தூரம் ஏறுவதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.